வாடகை வீடா? முதல் செலவு சோபா இல்ல, பூட்டு!

புது வாடகை வீட்டுக்குப் போறீங்க. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை எல்லாம் கொடுத்து முடிச்சதும் ஓனர் ரெண்டு சாவி தருவார். சரி, அந்தப் பூட்டுக்கு மொத்தம் எத்தனை சாவி இருக்கு? முன்னாடி குடியிருந்தவங்க, வீடு காட்டின புரோக்கர், பெயின்டர்னு யார் கையில டூப்ளிகேட் இருக்குன்னு பெரும்பாலும் ஓனருக்கே தெரியாது.

என்னைக் கேட்டா, குடிபோற வாரமே வாசல் கதவுப் பூட்டை மாத்துறது கட்டாயச் செலவு. அட்வான்ஸ் மாதிரி அதையும் பட்ஜெட்ல எழுதிடுங்க.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்கலாம். சிக்கலே அங்கதான். வீட்டுப் பொருள்களுக்கான திருட்டு காப்பீடு பொதுவா பலவந்தமா உள்ளே நுழைஞ்சு நடந்த திருட்டுக்குத்தான் பணம் தரும். 2004-ல ஒரு குடோன் திருட்டு வழக்குல, பாலிசியில அப்படி எழுதியிருந்தா பலவந்தம் இல்லாத திருட்டுக்கு க்ளெய்ம் கிடையாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. டூப்ளிகேட் சாவியில திறந்தா கதவுல ஒரு கீறல்கூட இருக்காது. அப்போ நகையும் லேப்டாப்பும் போனதோட, வருஷா வருஷம் கட்டின பிரீமியமும் வீண். உங்க பாலிசியில இந்த வரி எப்படி இருக்குன்னு இன்னைக்கே படிங்க.

"பூட்டு ஓனரோடது, நான் ஏன் செலவு பண்ணணும்?" நியாயமான கேள்விதான். ஆனா தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டத்துல, கதவுப் பூட்டு, கைப்பிடி மாத்துறது வாடகைதாரர் பொறுப்புப் பட்டியல்லதான் வருது. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா அது வேற. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசிடுங்க.

செலவு பயப்படுற அளவுக்கு இல்ல. சாவி போடுற இடம் தனி சிலிண்டரா இருந்தா, அதை மட்டும் மாத்தினா போதும். கதவோட ஓரத்துல இருக்கிற ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி, சாவியை லேசா திருப்பி இழுத்தா வெளிய வந்துடும். பழசைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் அதே நீளத்துல வாங்குங்க. சாதாரண சிலிண்டர் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். பழசைப் பத்திரமா வெச்சிருந்து, காலி பண்ணும்போது திரும்ப மாட்டிட்டு, உங்களோடதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அளவு பொருந்தினா. பழைய லீவர் பூட்டா இருந்தா முழுசா மாத்தணும். நாதாங்கியில தொங்குபூட்டுன்னா இன்னும் சுலபம், வேற பூட்டு வாங்கினா முடிஞ்சது. எதுவானாலும் ஓனர்கிட்ட முன்கூட்டியே வாட்ஸ்அப்ல சொல்லிடுங்க, பின்னாடி பிரச்சினை வராது.

எல்லாத்துக்கும் மாத்தவும் வேண்டாம். சாவி இறுகுதா? கிராஃபைட் பவுடர் போடுங்க. தேங்காய் எண்ணெய் ஊத்தினா தூசி சேர்ந்து இன்னும் மோசமாகும். மழைக்காலத்துல மட்டும் பூட்டு விழலையா? மரக்கதவு உப்பியிருக்கும், இல்ல கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். பூட்டுமேல தப்பில்ல.

ஆயிரக்கணக்குல கொட்டி ஸ்மார்ட் லாக் வாங்குறது? 11 மாச அக்ரிமென்ட் வீட்டுக்கு அது தேவையே இல்லைன்னுதான் சொல்வேன். சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். அந்த நிம்மதிக்கு ஒரு வார இறுதி பிரியாணி செலவுதான் ஆகும்.