சவுக்குத் தோப்பிலே சர்க்கரை!

திண்டிவனம், மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பைக் காணாத கண்ணுண்டோ? அந்த மரம் லாரி ஏறிக் காகித ஆலைக்குப் போகிறது, கூழாகிறது. கூழிலே உள்ளது செல்லுலோஸ். சர்க்கரை மணிகளைக் கோத்த சரம். அதை அறுக்கும் கத்திதான் நொதி. இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில், அமெரிக்கப் பட்டாளத்தின் பருத்திக் கூடாரங்களைத் தின்று தீர்த்ததே ஒரு பூஞ்சை, அது இந்த நொதியைச் சுரப்பதில் சூரப்புலி! கூடாரத்தைக் கெடுத்தது, இன்று எரிபொருளுக்குக் கைகொடுக்கிறது. முழுக்க அறுத்தால் சர்க்கரை, புளிக்கவைத்தால் எத்தனால். கொஞ்சமாய் அறுத்து இயந்திரத்தில் அரைத்தால், காகிதத்துக்கு வலிவூட்டும் நானோ இழை.

2022 ஆகஸ்டில் பானிப்பட்டில், வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நல்லது, நடக்கட்டும்! வைக்கோலும் கரும்புச் சக்கையும் சவுக்கும் விழுப்புரத்தில் இல்லையா என்று நாம் கேட்கிறோம்.

ஆனால் ஆலை வந்தால் மட்டும் போதுமா? முன்பணம் வாங்கிய ஒரே குற்றத்துக்காக, மரம் வெட்டுமிடத்திலேயே கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை இந்த வட்டாரம் அறியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-இல்! ஆலைக்காரர் எவர் வந்தாலும், உழவனுக்கு மர விலை எவ்வளவு, வெட்டுபவனுக்கு டன்னுக்குக் கூலி எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுதாத தாளில் கைநாட்டு வேண்டாமென்று தோப்புக்குத் தோப்பு சொல்லுங்கள், தோழர்களே.