காந்தப்புலமும் உலோகத்தின் வெம்மையும்

தமிழ் பயிலும் மாணவர்க்குக் காந்தத்தைப் பற்றி என்ன பேச்சு என வினவுவாரும் உளர். பௌதிகத்தைத் தமிழிற் சொல்லிப் பார்ப்பதும் தமிழ்க் கல்வியே என்பது நம் கொள்கை; அதனை இங்கு விரிக்கவில்லை. நாம் மறுக்கப் புகுவது வேறொரு கூற்று. கணநேரமே நின்று, தன்னைப் பிறப்பித்த கம்பிச்சுருளையே சிலபோது சிதறடிக்கும் காந்தப்புலத்திற்குப் பொருள் செலவிடுதல் வீண் என்பதே அது.

நிகழ்வதை முதற்கண் நோக்குவோம். காந்தப்புலம் திடீரென எழுங்கால் உலோகம் அதனை உடனே உள்ளே விடுவதில்லை. அதன் புறத்தோலில் மின்னோட்டம் சுழன்றெழுந்து புலத்தை எதிர்க்கும். விநாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்திற்குச் செம்பில் அத்தோலின் கனம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். பத்து லட்சம் முறை மாறுமாயின் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கே. பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடுகின்றது. புலம் மிக வலிதாயின் இக்கணக்குச் செல்லாது. எதிர்த்து நின்ற மின்னோட்டமே தோலைச் சுடுவிக்கும். சூடேறிய செம்பில் மின்தடை மிகும். தடை மிகவே புலம் இன்னும் ஆழப் புகும். காவலனது சினமே கோட்டை வாயிலைத் திறந்துவிட்டாற் போலும்! 100 டெஸ்லா அளவில் அப்புலம் வளிமண்டல அழுத்தத்தினும் ஏறத்தாழ 40,000 மடங்கு உலோகத்தை நெருக்கும். அதற்கு மேற்செல்லின் செம்பின் புறம் உருகி, ஆவியாகி வெடிக்கும்.

ருஷ்ய அறிஞர் பீட்டர் கபிட்சா 1920-களில் கேம்பிரிட்ஜில் இதற்கொரு வழி கண்டார். சுருள் வெந்தழியுமுன் சோதனை முடிதல் வேண்டும். எனவே மின்னோட்டத்தை விநாடியின் நூறில் ஒரு பங்களவே செலுத்தி, 30 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தை உண்டாக்கினார். மின்பொறியில் எழும் அதிர்ச்சி தரைவழியே வந்து அளவுகளைக் கெடுக்குமன்றோ? சுருளைப் பொறியினின்றும் 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்ச்சி வந்து சேருமுன் அளவு எடுத்தாயிற்று. இந்நுட்பத்தை முதன்முதல் அறிந்த நாளில் நாம் கொண்ட மகிழ்ச்சி சிறிதன்று. 1934-இல் தாயகம் சென்ற அவரை அவ்வரசு திரும்ப விடவில்லை. கருவிகளே பின்னர் அவரை நாடிச் சென்றன.

இனி, வீண் என்பார்க்கு விடை. நிலைத்து நிற்கும் புலங்கள் 45 டெஸ்லாவை ஒட்டியே நின்றுவிட்டன. அதற்கப்பால் நெடுந்தொலைவு காண விழைவார்க்குக் கணநேரப் புலமே கதி. 2007-இல் பிரான்சின் துலூசு நகரில், தடையின்றி மின்சாரம் கடத்தும் செம்பு ஆக்சைடு ஒன்றை ஏறக்குறைய 62 டெஸ்லா வரை சோதித்தனர். புலம் அத்தன்மையை அடக்கவே, உள்ளிருந்த எலெக்ட்ரான்கள் உலோகத்திற்குரிய ஒழுங்கோடு சுழல்வதற்குச் சான்று கிடைத்தது. வேறெவ்வகையில் அதனைக் கண்டிருப்பர்?

வெடிமருந்தால் புலத்தை நெருக்கும் முறையை மட்டும் புகழ நம் மனம் ஒருப்படவில்லை. சகாரவ் முதலியோர் 1950-களில் வகுத்த அம்முறை அணுகுண்டுப் பட்டறையிற் பிறந்தது. 2018-இல் டோக்கியோவில் வெடிமருந்தின்றியே 1200 டெஸ்லா எய்தினர். எனினும் கருவி சிதறிற்று. 2012-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் 100 டெஸ்லாவைச் சிறிதே கடந்தபோதோ, சுருள் அழியாது நின்றது. எண்ணிற் சிறிதாயினும் இதனையே நாம் மேலாக மதிக்கின்றோம். சுருள் மீளக் குளிர்ந்தபின், அதே பொருளை மறுபடி சோதித்து, முன் கண்டது மெய்யோ எனப் பார்க்கலாமன்றோ?