இழிந்த தாதும் எஞ்சிய சேறும்

சேலத்தை அடுத்த கஞ்சமலையைக் காணுந்தோறும், 'இவ்வளவு இரும்பு வாளா கிடக்கின்றதே' என்று இரங்குவார் பலர். அம்மலையின் தாது காந்தக்கல்லும் படிகக்கல்லும் விரவியது; இரும்பு நூற்றுக்கு ஏறக்குறைய 35 பங்கே. இதனை அப்படியே ஊதுலையில் இடின், கல்லை உருக்குதற்கே கரி வீணாகும்.

ஆயினும், இழிந்த தாதைத் தூய்மை செய்யும் வழி இன்று உண்டு. முதற்கண் அதனை மாவுபோல் அரைத்து, இரும்பு மணியையும் கல் மணியையும் வேறாக்குவர். பின்னர் நீரிற் கலந்து காந்த உருளைகளை அடுத்துச் செலுத்துவர். காந்தத் தாது உருளையைப் பற்றும். கல் நீரோடு கழியும். காந்தம் எளிதிற் பற்றாத செந்தாதை, எடை வேற்றுமையாலோ நுரையில் மிதக்கவிட்டோ பிரிப்பர். பெற்ற பொடியைச் சிறிது களிமண் சேர்த்து உருட்டிச் சுட்டு உலைக்கு அனுப்புவர். உயர்ந்த தாது என்றும் நிலைப்பதன்று. ஆதலின் இவ்வித்தை போற்றற்குரியதே.

நிற்க. கழிந்த கல் எங்கே செல்கின்றது? 35 பங்கு இரும்புள்ள 100 டன் தாதை 67 பங்குள்ளதாக உயர்த்தின், அணுவளவும் இழவாவிடினும் கிடைப்பது ஏறக்குறைய 52 டன்னே. எஞ்சிய 48 டன்னும் நுண்சேறாம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா நாட்டில், சில்வர் பே என்னுமிடத்து ஆலையொன்று 1950களின் நடுவிலிருந்து இத்தகைய கழிவைச் சுப்பீரியர் ஏரியிற் கொட்டியது. 1973ஆம் ஆண்டு, டுலூத் நகரத்தார் பருகும் நீரிற் கல்நார் போன்ற நுண்ணிழைகள் காணப்பட்டன. நெடுவழக்கின் பின், 1980ஆம் ஆண்டிலேதான் கழிவு ஏரியை விட்டு நிலத்துக்கு மாறியது. நம் நாட்டிலோ, பத்திரை ஆற்றின் தலைப்பிலுள்ள குதிரைமுகச் சுரங்கம், காட்டைக் காத்தற்பொருட்டு உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு இட்ட ஆணையால் 2005 இறுதியோடு நின்றது.

இவற்றால் நாம் கொள்ளும் கருத்து இது: கழிவுக்கு இடம் வகுக்காத தூய்மை தூய்மையன்று. அது தன் வீட்டைப் பெருக்கி, குப்பையை அயலான் வாயிலில் தள்ளுதலை ஒக்கும். கஞ்சமலை அடியிற் சித்தர் கோயிலும் சிற்றூர்களும் உள. அங்குள்ளார் கிணற்று நீருக்கும் விளைநிலத்துக்கும் ஈடு சொல்லாது மலையை உடைத்தல் தகாது.

மாணவ நண்பர்களே! இரும்பைப் பிரிக்கும் கலையோடு, எஞ்சியதைப் பயன்படுத்தும் கலையையும் பயிலுங்கள். அது கைகூடும்வரை மலை மலையாகவே இருக்கட்டும். இரும்பு எங்கும் ஓடிவிடாது.