தொண்டைச் சளி: செருமச் செருமக் கூடுவது ஏன்?

பல வீடுகளில் விடியற்காலையில் கேட்கும் முதல் சத்தம், வாஷ் பேசின் முன்னால் நின்று அப்பா தொண்டையைச் செருமும் சத்தம்தான். இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், தூதுவளை ரசம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் சளி போனபாடில்லை.

காரணம், மாதக்கணக்கில் தொண்டையிலேயே நிற்கும் சளி பெரும்பாலும் ஜலதோஷத்தால் வருவதில்லை. வேர் வேறு இடத்தில் இருக்கும்போது இருமல் மருந்து என்ன செய்யும்?

சளி நல்லதா, கெட்டதா?

சளி நம் உடலுக்குத் தேவையான ஒன்று. மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் தினமும் சுமார் 1 லிட்டர் சளி சுரக்கிறது. தூசியையும் கிருமிகளையும் பிடித்துக்கொண்டு அது தொண்டை வழியே இறங்குகிறது. உமிழ்நீரோடு சேர்த்து அதை விழுங்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சளி கெட்டியானாலோ, தொண்டை புண்பட்டிருந்தாலோதான் 'ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே' என்ற உணர்வு வரும்.

எங்கிருந்து வருகிறது?

மேலிருந்து வரலாம். தூசி, ஊதுபத்திப் புகை, தலையணையில் இருக்கும் நுண்பூச்சி போன்றவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டாலோ, சைனஸ் தொல்லை இருந்தாலோ, மூக்கின் பின்புறமாகச் சளி தொண்டையில் வடியும். தும்மல், மூக்கடைப்பு கூடவே இருந்தால் சந்தேகம் இதன்மேல்தான்.

கீழிருந்தும் வரலாம். இரவு தாமதமாகச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறி வரும். இவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சலே இருக்காது. காலையில் குரல் கரகரப்பது, சாப்பிட்டதும் செருமுவது, தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

புகைபிடிப்பதும் முக்கியக் காரணம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டை அரிப்பும் வரும். அப்படியிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

செருமுவதே சிக்கல்

பலமாகச் செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்படுகின்றன. புண்பட்ட இடத்தைக் காக்க உடல் மேலும் சளியைச் சுரக்கும். மறுபடி செருமத் தோன்றும். இந்தச் சுழலை உடைக்க, செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். ஓரிரு வாரம் விடாமல் செய்தால் பழக்கம் குறையும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொப்பளிக்கலாம்.

* மூக்கை உப்புநீரால் கழுவுவதாக இருந்தால், கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டுமே வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் இருக்கக்கூடிய அமீபா அபூர்வமாக மூக்கு வழியே மூளையைத் தாக்கும்.

* இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்தலாம்.

* எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு மிளகு அதிகம் போட்ட கஷாயம் எரிச்சலைக் கூட்டலாம். வெறும் வெந்நீரே போதும்.

* இருமலுக்குத் தேன் இதம் தரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் ஆவி பிடிக்கவும் வைக்க வேண்டாம். தீக்காய ஆபத்து உண்டு.

பால் குடித்தால் சளி கூடும் என்பது உண்மையல்ல. பால் எச்சிலோடு கலந்து சற்று நேரம் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவுதான். அதற்காகக் குழந்தையின் பாலை நிறுத்த வேண்டியதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதால் மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். குரல் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடிப்பது, சளியில் ரத்தம், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொண்டைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். சிறிய கேமரா பொருத்திய மெல்லிய குழாய் மூலம் சில நிமிடங்களில் தொண்டையைப் பார்த்துவிடலாம். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

'அவருக்கு எப்பவும் இப்படித்தான்' என்று வீடே பழகிப்போன செருமல் சத்தத்தை, இந்த வாரம் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, எப்போது கூடுகிறது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்பே பெரிதும் உதவும்.