கூலிக்காகப் பிறந்த விளையாட்டு, கூலி கொடுக்க முடியாமல் சாய்ந்த கிளப்

கடந்த டிசம்பர் 3ஆம் தேதி லண்டன் உயர்நீதிமன்றம் 'சால்ஃபோர்ட் ரெட் டெவில்ஸ்' ரக்பி லீக் கிளப்பை நடத்திவந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. வரி பாக்கிக்காக பிரிட்டிஷ் வரித்துறை தொடுத்த மனு அது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் இனி அவகாசம் இல்லை என்றானது. 1873இல் தொடங்கிய ஒரு கிளப்பின் 152 ஆண்டுக் கணக்கு அன்று முடித்துவைக்கப்பட்டது.

நம் நாட்டில் இந்தச் செய்தியைக் கவனித்தவர்கள் குறைவு. நம்மவர்களுக்குக் காற்பந்து தெரியும். ரக்பி என்றால் பள்ளிகளில் ஆடப்படும் 15 பேர் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். சால்ஃபோர்ட் ஆடுவது வேறு வகை. ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். இங்கிலாந்தின் வடக்கே ஆலைகளும் சுரங்கங்களும் இருந்த ஊர்களின் ஆட்டம் அது. ஆனால் சால்ஃபோர்டின் 2025 பருவத்தில் நடந்தது, சம்பள நாளை எண்ணி வாழும் எவருக்கும் புரியும்.

பெயரை இரவல் கொடுத்தவர்கள்

'ரெட் டெவில்ஸ்' என்றால் நமக்கு மென்செஸ்டர் யுனைடெட். அந்தப் பெயர் முதலில் யுனைடெட்டுக்கு உரியதல்ல. 1934இல் பிரான்சுக்குப் போய் ஆடிய சால்ஃபோர்ட் ரக்பி அணியைப் பார்த்து, சிவப்புச் சட்டை அணிந்த சைத்தான்கள் என்று அங்கிருந்தவர்கள் பெயர் வைத்தார்கள். 1960களில் யுனைடெட்டின் நிர்வாகி மெட் பஸ்பி அந்தப் பெயரை விரும்பித் தம் அணிக்கு எடுத்துக்கொண்டார் என்பது அங்கே எல்லாரும் அறிந்த கதை. சால்ஃபோர்ட் மென்செஸ்டரை ஒட்டிய நகரம். ஒரு காலத்தில் பஞ்சாலைகளும் கப்பல் துறையும் அதன் பிழைப்பு. 1982இல் கப்பல் துறை மூடப்பட்டது.

அந்தத் தொழிலாளர் ஊரில் கிளப் ஆறுமுறை லீக் வெற்றியாளர் பட்டம் பெற்றது. 1938இல் வெம்பிளியில் பேரோ அணியை 7-4 என வென்று சேலஞ்ச் கிண்ணத்தையும் கொண்டுவந்தது.

ஒரு நாள் கூலியில் தொடங்கிய பிளவு

ரக்பி இரண்டாகப் பிரிந்தது கூலித் தகராற்றில்தான். அக்காலத்தில் வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஆட்டத்துக்குப் போனால் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. தோட்டத்தில் பெரட்டில் நிற்காதவருக்கு அன்றைய கூலி இல்லை என்பது போலத்தான். விட்டுப்போன அந்தக் கூலியை ஆட்டக்காரருக்குக் கிளப் ஈடுகட்டலாமா என்று கேட்டார்கள். வசதி படைத்தோர் கையில் இருந்த ரக்பி சங்கம், காசுக்கு ஆடுவது தகாது என்று மறுத்தது. 1895 ஆகஸ்டு 29ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியே பிரிந்தன. 22 கிளப்புகளுடன் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சால்ஃபோர்ட் மறு ஆண்டே சேர்ந்துகொண்டது.

உழைப்பவன் ஆடப் போனதால் அவன் வீட்டு அடுப்பு அணையக்கூடாது என்பதற்காகப் பிறந்த ஆட்டம் இது. அதன் 130ஆம் ஆண்டில், அதன் மூத்த கிளப்புகளில் ஒன்று தன் ஆட்டக்காரர்களுக்கு உரிய நாளில் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது.

திடலில் குறை இல்லை

ஒரு கிளப் கடைசி இடத்துக்கு வந்தால் ஆட்டக்காரர் சரியில்லை, பயிற்றுநர் சரியில்லை என்று சொல்வது வழக்கம். சால்ஃபோர்டுக்கு அது பொருந்தாது. குறைந்த பணத்தில் நிறைய சாதித்த அணி அது. 2019இல் சூப்பர் லீக் இறுதியாட்டம் வரை போனது. யுனைடெட்டின் வீடான ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த அந்த ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்சிடம் 23-6 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு சேலஞ்ச் கிண்ண இறுதியில் லீட்சிடம் ஒரே புள்ளியில், 17-16 எனக் கோட்டைவிட்டது. 2022இல் அரையிறுதி. 2024இல் பயிற்றுநர் பால் ரௌலியின் கீழ் நான்காம் இடம்.

நான்காம் இடம் பிடித்த அந்தப் பருவம் முடிந்த சில வாரங்களில், நவம்பர் மாதத்தில், கஜானா காலி என்பது வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு லீக்கிலிருந்து வரவேண்டிய பங்கில் 500,000 பவுண்டை, ஏறக்குறைய 28 லட்சம் ரிங்கிட்டை, கிளப் முன்கூட்டியே வாங்கியது. அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே கடைக்காரரிடம் அடகு வைத்தவர் நிலை என்ன என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்றைய பசி தீரும். ஆனால் அடுத்த மாதம் பிறக்கும்போதே கடனோடு பிறக்கும்.

82-0

2025 பிப்ரவரியில் புதிய முதலீட்டாளர் குழு ஒன்று கிளப்பை வாங்கியது. கடன் தீரும், நல்ல அணி அமையும், திடலைச் சுற்றி வளர்ச்சித் திட்டம் வரும் என்று நம்பிக்கை பிறந்தது. அதற்கு முன்பே ரக்பி நிர்வாகம் கிளப்புக்கு ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தது. மற்ற அணிகள் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஏறத்தாழ 21 லட்சம் பவுண்ட் வரை செலவிடலாம் என்றால், சால்ஃபோர்டுக்கு 12 லட்சம்தான். புதிய குழு வந்ததும் கட்டுப்பாடு தளர்ந்தது. சொன்ன பணம் வந்து சேராததால் முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர் அது திரும்பவும் போடப்பட்டது.

பிப்ரவரி 15ஆம் தேதி செயின்ட் ஹெலன்சை எதிர்த்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் இளையரும் ரிசர்வ் ஆட்டக்காரர்களும்தான். முடிவு 82-0. ரக்பி லீக் ஆட்டம் 80 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்கும் மேல் கொடுத்து, ஒன்றுகூட எடுக்காமல் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் பையன்களில் யாரும் கணக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆனால் அதன் ஓட்டையைத் தங்கள் உடம்பால் அடைக்கச் சொல்லி அவர்களைத்தான் அனுப்பினார்கள்.

பிறகு பருவம் முழுவதும் ஒரே கதை. சம்பளம் தாமதம், விளக்கம், மீண்டும் தாமதம். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கெல்லம் வாட்கின்ஸ் லீட்சுக்குப் போனார். மார்க் ஸ்னைட் வாரிங்டனுக்குப் போனார். ஜூன் மாதம் சேலஞ்ச் கிண்ண இறுதியில் வாரிங்டன் தோற்றபோதும், அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராக ஸ்னைட் தேர்வாகி லான்ஸ் டாட் விருதை வாங்கினார். லான்ஸ் டாட் என்பவர் 1930களில் சால்ஃபோர்டை உச்சிக்குக் கொண்டுபோன நிர்வாகி. தன் பழைய நிர்வாகியின் பெயரிலான விருதை, தன்னால் வைத்துக்கொள்ள முடியாமல் போன ஆட்டக்காரர் வேறு சட்டையில் வாங்குவதைச் சால்ஃபோர்ட் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற கிளப்புகளிடம் இரவல் வாங்கிய ஆட்டக்காரர்களை வைத்து வாரா வாரம் அணியை ஒப்பேற்றினார்கள். ஆகஸ்டு 10ஆம் தேதி அதுவும் முடியவில்லை. போதிய ஆட்கள் இல்லாததால் வேக்ஃபீல்டுடன் நடக்கவிருந்த ஆட்டம் ரத்தானது. பருவ முடிவில் அணி கடைசி இடத்தில் இருந்தது. பயிற்றுநர் ரௌலியை 2026க்கு அழைத்துக்கொண்டது, முதல் ஆட்டத்தில் அவர் அணியை 82-0 என வென்ற அதே செயின்ட் ஹெலன்ஸ்.

மூன்று ஓட்டைகள்

புதிய முதலாளிகள் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. முன்பே மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, சொந்த வீடு இல்லாதது. 1901 முதல் 2011 வரை சால்ஃபோர்ட் 'தி வில்லோஸ்' திடலில் ஆடியது. ஊர்க் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த திடல் அது. 2012இல் ஊருக்கு வெளியே பார்ட்டனில் கட்டப்பட்ட 12,000 பேர் அமரும் அரங்கத்துக்கு வாடகைக்காரராகப் போனது. திடல் சொந்தமாக இருந்தால் ஆட்டம் இல்லாத நாளிலும் சாப்பாட்டுக் கடை, மண்டபம், வாகன நிறுத்தம் என்று சில்லறை வரும். வாடகைக்காரருக்கு அதில் பெரிய பங்கு வராது. பணமுடை வந்தால் அடமானம் வைக்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, தொலைக்காட்சிப் பணம். சூப்பர் லீக்குக்கு ஒரு சமயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 மில்லியன் பவுண்ட் கொடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தம், இப்போது ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது. பெரிய ஊர்க் கிளப்புகள் நுழைவுச்சீட்டு விற்றுச் சமாளிக்கும். சால்ஃபோர்டுக்குப் பக்கத்திலேயே யுனைடெட்டும் மென்செஸ்டர் சிட்டியும் இருக்கின்றன. கூட்டத்தை அங்கிருந்து இழுப்பது லேசான காரியமா?

மூன்றாவது, மதிப்பெண் முறை. வென்றால் மேலே, தோற்றால் கீழே என்ற பழைய முறையை மாற்றி, ஐஎம்ஜி நிறுவனத்தின் ஆலோசனைப்படி கிளப்புகளுக்கு 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள். ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, அரங்கத்துக்கு 3, சமூகத்துக்கு 2.5. பார்க்க ஒழுங்கான முறைதான். ஆனால் 2024 அக்டோபரில் அந்தக் கணக்கில் தேறிச் சூப்பர் லீக்கில் இடம் பெற்ற கிளப், அடுத்த மாதமே முன்பணத்துக்குக் கை நீட்டியது. அடுத்த மாதச் சம்பளத்துக்கு வங்கியில் பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தராத மதிப்பெண்ணால் ஆட்டக்காரருக்கு என்ன பயன்?

நமக்கும் தெரிந்த கதை

இதைப் படிக்கும்போது நம் காற்பந்து ரசிகர்களுக்குச் சில பெயர்கள் நினைவுக்கு வந்திருக்கும். 2007, 2008 என இரண்டு முறை தொடர்ந்து மூன்று கிண்ணங்களையும் அள்ளிய கெடாவுக்கு 2025/26 பருவத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2002, 2003இல் லீக்கை வென்ற பேராக் அதே பருவத்துக்கு முன் விலகிக்கொண்டது. சம்பள பாக்கி என்ற சொல் நம் விளையாட்டுப் பக்கங்களில் கோல் கணக்கு அளவுக்குப் பழகிப்போனது.

பருவம் தொடங்கும் முன் உரிமத்தை மறுத்தால் ரசிகர் மனம் நோகும், திடல் வெறிச்சோடும். ஆனால் வாக்குறுதியை நம்பி உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சால்ஃபோர்ட் காட்டியிருக்கிறது. பருவம் முழுவதும் குடும்பங்கள் தவிக்கும், 18, 19 வயதுப் பையன்கள் 82-0க்குப் பலியாவார்கள், எதிரணிக்கும் லீக்குக்கும் மரியாதை கெடும். வாங்க வருகிறவர் ஒரு பருவத்துச் சம்பளத்தை முதலில் பொதுக் கணக்கில் கட்டட்டும். சாவியைப் பிறகு கொடுக்கலாம். வீட்டு வாடகைக்கே இரண்டு மாத முன்பணம் கேட்கும் உலகத்தில், ஓர் ஊரின் கிளப்பை வாங்குகிறவரிடம் இதைக் கேட்பது பெரிய கேள்வி அல்ல.

நிறுவனம் கலைக்கப்படும்போது யார் முன்னே, யார் பின்னே என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் சட்டத்தில் 2020 டிசம்பர் முதல், தொழிலாளரிடம் பிடித்த வரி போன்ற பாக்கிகளுக்கு வரித்துறை முன்வரிசையில் நிற்கிறது. அடமானம் எதுவும் இல்லாமல் கடனுக்குப் பொருளோ சேவையோ கொடுத்த சிறு வியாபாரிகள் கடைசி வரிசை. பொதுவாக அவர்கள் கைக்கு வருவது சொற்பம்.

மிஞ்சியவர்கள்

டிசம்பர் மாதமே, கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர் மேசன் கேட்டன்-பிரவுன் இடம்பெற்ற ஒரு குழுவுக்கு ரக்பி நிர்வாகம் அனுமதி கொடுத்தது. புதிய நிறுவனமாக, 2026இல் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் சால்ஃபோர்ட் ஆடும். சூப்பர் லீக் 14 அணிகளாக விரிந்து யார்க், துலூஸ், பிராட்ஃபோர்ட் மூன்றும் உள்ளே போகும் ஆண்டில், சால்ஃபோர்ட் கீழே இறங்குகிறது.

கடந்த ஆண்டு முழுவதும் நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தது 'தி 1873' என்ற ரசிகர் அமைப்பு. கிளப் தொடங்கிய ஆண்டையே தன் பெயராக வைத்துக்கொண்ட அமைப்பு அது. முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். திடல் மாறியது, நிறுவனப் பெயர் மாறியது. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் மாறவில்லை. அவர்களில் சிலருக்காவது கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை எழுத்தில் கிடைக்க வேண்டும். புதிய குழு முதல் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிடக்கூடிய காரியம் அது. அதைச் செய்யாமல் அடுத்த முதலாளியின் வாக்குறுதிக்காகக் காத்திருந்தால், இந்த ஊர் இன்னொரு முறை நீதிமன்றப் படியில் நிற்க வேண்டிவரும்.