முத்திரை பிரியாத வேகக் கருவி வேண்டும்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

கனரக லாரிகளில் பொருத்தப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சட்டத்தின் ஏட்டில் பெற்றிருக்கும் ஸ்தானத்தை நெடுஞ்சாலையிலும் பெற வேண்டும் என்ற ஒரே பிரார்த்தனையோடு இம்மடலைத் தங்கள் சமூகத்துக்கு விடுக்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆம் விதி 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சரக்கு லாரிகளுக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டரும், டேங்கர், டம்பர் முதலியவற்றுக்கு 60 கிலோமீட்டரும் கருவியின் உச்ச வரம்பாக விதிக்கப்பட்டன. இவ்விருபது கிலோமீட்டர் வித்தியாசம் அற்பமானதன்று. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வதாகையால், அதே பாரத்தோடு 80இல் வரும் லாரி, 60இல் வருவதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. அவ்வளவையும் வெப்பமாக்கித் தீர்க்கும் பொறுப்பு பிரேக்கின்மேல் விழுகிறது.

டீசல் வரத்தைக் குறைக்கும் வால்வாக இருப்பினும், ஆக்சிலரேட்டரின் மின் சமிக்ஞையை இடைமறிக்கும் பெட்டியாக இருப்பினும், புதிய வண்டிகளில் எஞ்சினின் மின்னணுப் பெட்டியில் பதித்த ஓர் எண்ணாகவே இருப்பினும், கருவிக்கு இட்ட முத்திரையைப் பிரித்து ஒயரையோ பதித்த எண்ணையோ மாற்றத் தெரிந்த கைக்கு அது எளிதில் வசப்படுகிறது. எட்டு வயது வரையில் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும் வண்டியை அன்று ஒரு நாள் மட்டும் சோதிப்பது, இடைப்பட்ட காலமெல்லாம் முத்திரையைப் பாதுகாக்கப் போதாது.

வேக வரம்பை மீறியதற்கான அபராதத்தின் முழுப் பாரமும் டிரைவர்மேல் விழுவது நியாயமாகாது. சரக்கு சேர வேண்டிய நேரத்தையும் நடைக் கூலியையும் அவர் நிர்ணயிப்பதில்லை. வரம்பை மீறி ஓட்டுபவரைப் போலவே, ஓட்டச் செய்பவரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு குற்றத்துக்கு உள்ளாக்குகிறது. அந்தப் பகுதி அமலில் உயிர் பெற வேண்டும்.

கருவியின் எல்லையையும் நாம் உணர வேண்டும். அது எரிபொருளைத் தடுக்குமேயன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தாது. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் இறக்கத்தில், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடப்படும் லாரியின் வேகத்துக்கு எஞ்சின் காரணமன்று. ஆகவே கருவியும் அங்கே துணையாகாது. தாழ்ந்த கியரில் இறக்கும் பழக்கமே உயிரைக் காக்கும்.

ஆதலால், முத்திரை எண்ணும் நிர்ணயித்த வேகமும் எஃப்.சி. ஏட்டில் பதியப்பட்டுச் சாலைச் சோதனையில் ஒப்பிடப்பட வேண்டும். முத்திரை கலைந்திருந்தால் உரிமையாளரும் கலைத்த பட்டறையும் விசாரிக்கப்பட வேண்டும். மலை இறக்கங்களில் கியர் பயிற்சியும் வேகக் கண்காணிப்பும் ஒருங்கே நடைபெற வேண்டும். இம்மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. தங்கள் உத்தரவு ஒன்று போதும். அதனைத் தாமதமின்றிப் பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நெடுஞ்சாலையை நாளும் நம்பியிருக்கும் ஒரு குடிமகன்