நடுவானில் டீசல் தீர்ந்தால்?

கட்டுமாவடி என்றதும் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் நினைவுக்கு வருவது மீன்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நண்டும் இறாலும் வாங்கிப் போகிற ஊர். ஆனால் அந்த மீன் கரைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு டீசல், எவ்வளவு ஐஸ், எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்கிற கணக்கு. கணக்கு தப்பி நடுக்கடலில் டீசல் தீர்ந்துபோனாலோ, என்ஜின் படுத்துவிட்டாலோ அக்கம்பக்கத்துப் படகு ஒன்று வரும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்க்கும். இழுத்தவர் தன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். ஆனாலும் வருவார். நாளைக்கு அவருக்கும் கயிறு தேவைப்படலாம் இல்லையா!

கடலில் இவ்வளவு சாதாரணமான இந்த உதவி, வானத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இல்லை. முதல் செயற்கைக்கோள் 1957-ல் பறந்தது. அதற்குப் பிறகு போனவற்றில் ஹப்பிள் தொலைநோக்கி போன்ற ஒரு சிலவற்றைத்தான் மனிதர்கள் நேரில் போய்ப் பழுது பார்த்தார்கள். மற்றவை எல்லாம் எரிபொருள் தீர்ந்தால் அவ்வளவுதான். உள்ளே கேமரா நன்றாக இருக்கும், ஆன்டெனா நன்றாக இருக்கும், சூரியத் தகடு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேங்க் காலி என்பதற்காக மொத்தத்தையும் கைவிட வேண்டியதுதான்.

இதில் கட்டுமாவடிக்கு என்ன வந்தது?

பாக் விரிகுடா அகலம் குறைந்த கடல். 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக் கோடு தண்ணீரில் எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து விசைப்படகாக இருந்தாலும், கட்டுமாவடி நாட்டுப்படகாக இருந்தாலும், எல்லை தாண்டினால் சிறைபிடிப்பு, படகு பறிமுதல் என்று குடும்பமே கதிகலங்கிப் போகும். கொஞ்ச தூரம் உள்ளே போனாலே செல்போன் சிக்னலும் கைவிட்டுவிடும்.

இதற்காகத்தான் இஸ்ரோ ஒரு டிரான்ஸ்பாண்டர் கருவியை உருவாக்கியது. படகில் பொருத்திவிட்டால் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கும். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்திக் கரைக்குத் தகவல் சொல்லலாம். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் வரும். செல்போனோடு புளூடூத்தில் இணைத்துக்கொண்டால் தாய்மொழியிலேயே படிக்கலாம். 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்க ரூ.364 கோடி ஒதுக்கப்பட்டது. திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார்.

இந்தக் கருவி பேசுவது ஜிசாட்-6 என்ற செயற்கைக்கோளோடு. அது ஏவப்பட்டது 2015 ஆகஸ்ட் 27 அன்று. அதற்கு இஸ்ரோ குறித்த ஆயுள் 9 ஆண்டுகள். கூட்டிப் பாருங்கள். கீழே திட்டம் தொடங்கிய அதே வாரத்தில் மேலே குறித்த ஆயுள் முடிந்திருக்கிறது! குறித்த ஆயுள் முடிந்த அன்றே செயற்கைக்கோள் நின்றுவிடாது. பல செயற்கைக்கோள்கள் அதைத் தாண்டியும் உழைக்கின்றன. இருந்தாலும் அதற்குப் பிறகு கிடைக்கும் ஒவ்வொரு வருடமும் டேங்கில் மிச்சமிருப்பதைப் பொறுத்ததுதான்.

துணைக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். ஜிசாட்-6ஏ என்று இன்னொன்றை 2018 மார்ச் 29 அன்று அனுப்பினார்கள். ராக்கெட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. மூன்றாவது நாளே செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்துவிட்டது.

டேங்க் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஜிசாட்-6 கிளம்பும்போது எடை 2,117 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் 1,132 கிலோ. பாதிக்கும் மேல்! காரணம், ராக்கெட் அதை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவதில்லை. நீள்வட்டப் பாதை ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் செயற்கைக்கோள் தன் சொந்த என்ஜினில்தான் ஏற வேண்டும். இருப்பதில் பெரும்பகுதி அந்த ஏற்றத்துக்கே செலவாகிவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் 9 வருடம் காலம் தள்ள வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எதற்கு எரிபொருள்? நங்கூரம் போடாத படகை வாடையும் சோழகமும் தள்ளுகிற மாதிரி, சூரியனும் சந்திரனும் செயற்கைக்கோளை இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது சின்னச் சின்னதாக எரித்துப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசியில் ஒரு தடவை எரிப்பதற்கும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி எரிப்பில் சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஏறி, வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அந்த உயரத்துக்கு விண்வெளிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கல்லறைப் பாதை'.

அந்தக் கல்லறைக்குப் போன ஒன்று திரும்பி வந்த கதை இருக்கிறது.

இன்டெல்சாட்-901 என்பது 2001-ல் ஏவிய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள். கருவிகள் எல்லாம் நலம், எரிபொருள் மட்டும் தீரும் நிலை. அமெரிக்காவின் நார்த்ராப் குரும்மன் குழுமத்தைச் சேர்ந்த ஸ்பேஸ்லாஜிஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் எம்.இ.வி-1 என்ற சேவை விண்கலத்தை 2019 அக்டோபரில் கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து அனுப்பியது. இடித்துவிட்டால் சிதறும் துண்டுகள் அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்களையும் கெடுத்துவிடும் என்பதால், இன்டெல்சாட்-901-ஐ முதலில் கல்லறைப் பாதைக்கு நகர்த்திக்கொண்டார்கள். அங்கே 2020 பிப்ரவரி 25 அன்று இரண்டும் சேர்ந்தன.

எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். 2001-ல் அந்தச் செயற்கைக்கோளைக் கட்டியவர்கள், பின்னால் யாராவது வந்து பிடிப்பார்கள் என்று நினைத்துக் கொக்கி எதுவும் வைக்கவில்லை. ஆனால் மேலே ஏறுவதற்கான பெரிய என்ஜின் ஒன்று இருந்ததே! அதன் நெருப்பு வெளியேறும் கூம்பு வாய் திறந்தபடி இருந்தது. சேவை விண்கலம் பின்பக்கமாக மெல்ல நெருங்கி, ஒரு நீண்ட தண்டை அந்த வாய்க்குள் நுழைத்து, உள்ளே விரித்து இறுக்கிக்கொண்டது. பாட்டிலுக்குள் கார்க்கைத் தள்ளி விரிப்பது போல. டீசல் ஊற்றவே இல்லை. டேங்க் காலியான படகோடு இன்னொரு படகைச் சேர்த்துக் கட்டிவிட்டு, இனி நான் ஓட்டுகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டது. அந்த ஏப்ரலிலேயே இன்டெல்சாட்-901 மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் எம்.இ.வி-2 இன்னொரு இன்டெல்சாட்டைப் பிடித்துக்கொண்டது. முதல் ஜோடி ஐந்து வருடம் ஒன்றாக ஓடியது. 2025 ஏப்ரலில் பழையதைக் கல்லறைப் பாதையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, எம்.இ.வி-1 அடுத்த வாடிக்கையாளரைத் தேடிக் கிளம்பியது.

பழுது பார்ப்பது ஒரு தொழில் என்றால், கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு தொழில். லாரியில் வந்து இறங்கும் சரக்கைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகக் குட்டியானை வேண்டும் அல்லவா? 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனபோது நாடே கைதட்டியது. அவற்றில் 101 வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடையவை. அப்படிக் கூட்டமாகப் போகிற சின்னச் செயற்கைக்கோள்கள் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்க முடியாது. பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான். இப்போது இத்தாலியின் டி-ஆர்பிட், அமெரிக்காவின் இம்பல்ஸ் ஸ்பேஸ் போன்ற நிறுவனங்கள் அந்தக் குட்டியானை வேலையைச் செய்கின்றன. ராக்கெட்டிலிருந்து இறங்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பாதையில் விட்டுவிட்டுப் போகிற விண்கலங்கள் அவை.

அப்படி ஒரு வண்டி 2025 ஜனவரியில் இந்தியாவுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவல் அது. ஜனவரி 29 அன்று என்.வி.எஸ்-02 பத்திரமாகப் பிரிந்தது. மேலே ஏறுவதற்கு என்ஜினைப் பற்றவைக்கப் பார்த்தால், ஆக்சிஜனேற்றியை உள்ளே விட வேண்டிய வால்வு திறக்கவில்லை. எரிபொருள் நிறைய, கருவிகள் நலம், ஒரு வால்வு மட்டும் அடைபட்டுக் கிடந்தது. 2,250 கிலோ செயற்கைக்கோள் இடம் சேராமல் பாதி வழியில் நின்றது. இழுத்துப் போக அங்கே யாரும் இல்லை.

என்.வி.எஸ்-02 சேர வேண்டியிருந்தது நாவிக் என்ற கூட்டத்தில். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். போல இந்தியாவுக்கென்று வழிகாட்டும் அமைப்பு. அதன் நிலையை 2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஏவியவை 11. இடம் காட்டும் வேலையை முழுமையாகச் செய்பவை 4. இன்னும் 4 ஒருவழிச் செய்தி அனுப்ப மட்டும் பயன்படுகின்றன. ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு உரிய பாதைக்கே போகவில்லை. அந்த இரண்டில் ஒன்றுதான் என்.வி.எஸ்-02. மற்றொன்று 2017 ஆகஸ்ட் 31-ல் ராக்கெட்டின் வெப்பக் கவசம் திறக்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாவிக்கில் பல செயற்கைக்கோள்களை முடக்கியது டேங்க் அல்ல; உள்ளே இருக்கும் அணுக் கடிகாரம். நொடியின் நுணுக்கமான கணக்கு தவறினால் இடக் கணக்கும் தவறிவிடும். எம்.இ.வி. போன்ற வண்டியால் கடிகாரத்தைக் கழற்றி மாட்ட முடியாது. மெக்கானிக் வந்திருக்கிறார், ஆனால் அவர் கையில் கயிறு மட்டும்தான் இருக்கிறது, ஸ்பேனர் இல்லை. விண்வெளிச் சேவை நிறுவனங்களின் பளபளப்பான வீடியோக்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

கயிறு கட்டும் வித்தையையாவது இந்தியா கற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்பேடெக்ஸ் என்ற திட்டத்தில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30 அன்று புறப்பட்டன. சேர்ப்பதற்குக் குறித்த தேதிகள் இரண்டு தடவை தள்ளிப்போயின. ஜனவரி 12-ல் 3 மீட்டர் வரை நெருங்கி, மறுபடி விலகின. மாப்பிள்ளை, பெண் பார்க்க வந்து திண்ணையோடு திரும்பிய மாதிரி! ஜனவரி 16 அன்று ஒருவழியாக இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. மார்ச் 13-ல் பிரிந்து, ஏப்ரல் 20-ல் மீண்டும் சேர்ந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரமும் கொடுத்துப் பார்த்தன. கொடுப்பது மின்சாரம் என்பது ஒருநாள் எரிபொருள் என்று ஆகலாம்.

சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21 பழுதான சீனச் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்துக் கல்லறைப் பாதைக்கும் மேலே கொண்டுபோய் விட்டது. நல்ல காரியம்தான். ஆனால் தன் படகை இழுக்கத் தெரிந்தவனுக்கு அடுத்தவன் படகை அவிழ்க்கவும் தெரியும் என்று மற்ற நாடுகளின் ராணுவங்கள் புருவம் உயர்த்தின.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை காசு. இன்டெல்சாட் தன் முதல் சேவைக்கு ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஐந்து வருடத்துக்கு 6.5 கோடி டாலர். டாலர் 80 ரூபாய் என்று போட்டாலே ரூ.520 கோடி. 1 லட்சம் படகுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டத்தின் மொத்தச் செலவே ரூ.364 கோடி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தொலைக்காட்சிச் சேனல்களிடம் வாடகை வாங்கும் பெரிய செயற்கைக்கோளுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். மீனவருக்கு இலவசமாக எச்சரிக்கை அனுப்பும் ஒன்றுக்கு இந்த விலையில் கட்டுப்படியாகாது.

ஆகவே துணைப் படகைச் சேர்த்துக் கட்டுவதைவிட, கேனில் டீசல் கொண்டுபோய் ஊற்றுவது மலிவு. அதற்குச் செயற்கைக்கோளைக் கட்டும்போதே டேங்குக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய ஒரு வாய் வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே அளவில் வைக்க வேண்டும். ஆர்பிட்எய்ட் ஏரோஸ்பேஸ் என்ற இந்தியத் தொடக்க நிறுவனம் அப்படி ஒரு வாயைத்தான் உருவாக்கிவருகிறது. விண்வெளியில் எரிபொருள் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கென்று சின்னச் செயற்கைக்கோள் ஒன்றையும் செய்து, 'ஆயுள்சாட்' என்று பெயர் வைத்தது. தமிழ் வீட்டுக்கு விளக்கமே தேவைப்படாத பெயர்.

2026 ஜனவரி 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-62 ராக்கெட்டில் ஆயுள்சாட் புறப்பட்டது. மூன்றாம் கட்டத்தில் ராக்கெட் தடுமாறியது. உடன் போன செயற்கைக்கோள்களோடு அதுவும் போனது. எரிபொருள் ஊற்றிப் பார்க்கும் அந்தச் சோதனை நடக்கவே இல்லை.